இந்த நிறம் யாருக்குச் சொந்தம்?



"உன் பிராஜெக்ட்டைப் பத்தி மலருக்கு ஏதாவது எழுதித் தா" என்று மலர்க் குழுவினர் கேட்டபோது எனக்குத் தயக்கமாக இருந்தது. காரணம், அந்த பிராஜெக்ட்டை நான் பாதியிலேயே நிறுத்தி வைத்திருந்தேன். ஏன் நிறுத்தினேன், பிறகு எதைப் படித்துவிட்டுத் தொடர்ந்தேன் என்பதைச் சொன்னால் நம்மில் பலருக்கும் பயன்படும் என்று தோன்றியது. அதுதான் இந்தக் கட்டுரை.

என் அப்பா கூலிக்கு விசைத்தறி ஓட்டுபவர். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அப்பாவுக்கு ஒரு குறை உண்டு. சிவப்பு நூலையும் பச்சை நூலையும் பக்கத்தில் வைத்தால் எது எதுவென்று அவருக்குத் தெரியாது. அம்மாதான் தார்களைப் பிரித்து இரண்டு கூடைகளில் போட்டு வைப்பார். அம்மா ஊரில் இல்லாத ஒரு நாள் கூடை மாறிப் போய்விட்டது. முந்தானையில் பச்சை வர வேண்டிய இடத்தில் சிவப்பு. அத்தனை சேலைக்கும் கூலியில் பிடித்துவிட்டார்கள். அன்றிரவு அப்பா சாப்பிடாமலே படுத்துக்கொண்டார்.

அதனால்தான் இந்த பிராஜெக்ட்டை எடுத்தேன். போனில் நூலைப் படம் பிடித்தால், படத்திலுள்ள பச்சைப் புள்ளிகளை எல்லாம் நிரல் நீலமாக மாற்றிக் காட்டும். எந்த நிறத்தை எந்த நிறமாக மாற்றுவது என்பதைப் பார்ப்பவரே தன் கண்ணுக்கு ஏற்றபடி தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். கணிப்பொறிக்கு நிறம் என்பது வெறும் மூன்று எண்கள்தானே! சிவப்புக்கு ஒன்று, பச்சைக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று. எண்ணை மாற்றினால் நிறம் மாறும்.

பாதி வேலை முடிந்திருந்தபோது விடுதித் தோழி ஒருத்தி சொன்னாள்: "ஏண்டி, இதுக்கெல்லாம் எவனாவது வெளிநாட்டுக்காரன் பேடண்ட் வாங்கி வெச்சிருப்பான். நீ பாட்டுக்குக் கண்காட்சியில வெச்சிருவ. நாளைக்கு நோட்டீஸ் வந்தா உங்கப்பா தறிக் கூலியிலயா கட்டுவாரு?"

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்குத் தூக்கம் போய்விட்டது. வீட்டில் யாரைக் கேட்பது? எங்கள் சொந்தத்தில் 'பேடண்ட்' என்ற சொல்லைக் கேள்விப்பட்டவர்கூட யாரும் இல்லை. கடைசியில் எங்கள் துறை மேடத்திடம் கேட்டேன். "பயந்துட்டு உட்கார்ந்தா எப்படி? இதுக்கு முன்னாடி நடந்த சண்டையையெல்லாம் படிச்சுப் பாரு, அப்புறம் முடிவு பண்ணு" என்றார். படித்தேன். திரையில் தெரியும் படத்துக்காகவும் நிறத்துக்காகவும் இவ்வளவு சண்டையா என்று ஆச்சரியமாக இருந்தது!

காப்புரிமை என்பது ஓர் ஒப்பந்தம்

பேடண்ட் என்பதைத் தமிழில் காப்புரிமை என்கிறோம். அரசுக்கும் கண்டுபிடித்தவருக்கும் இடையே நடக்கும் ஒரு கொடுக்கல் வாங்கல் அது. "நீ கண்டுபிடித்ததை ஒளிக்காமல் எழுதிக் கொடு. ஊரார் அதைப் படிக்கட்டும். அதற்குப் பதிலாக 20 ஆண்டுகள் உன் அனுமதி இல்லாமல் வேறு யாரும் அதைச் செய்யவோ விற்கவோ கூடாது என்று நான் தடுக்கிறேன்" என்கிறது அரசு. 20 ஆண்டுகள் முடிந்தால் அது எல்லோருக்கும் பொது.

இதில் நான்கு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, கண்டுபிடிப்பு புதியதாக இருக்க வேண்டும். இரண்டு, அந்தத் துறையில் தேர்ந்த ஒருவருக்கு உடனே தோன்றிவிடும் சாதாரண விஷயமாக இருக்கக் கூடாது. மூன்று, தொழிலில் பயன்பட வேண்டும். நான்கு, காப்புரிமை எந்த நாட்டில் வாங்கப்பட்டதோ அந்த நாட்டில் மட்டுமே செல்லும். அமெரிக்காவில் வாங்கியதை வைத்துக்கொண்டு இங்கே வந்து மிரட்ட முடியாது.

அப்படியானால் சண்டை எங்கே வருகிறது? இரண்டாவது விஷயத்தில்தான். 'சாதாரணம்' எது, 'கண்டுபிடிப்பு' எது? இதற்கு நமக்கெல்லாம் தெரிந்த ஓர் உதாரணம் உண்டு.

எக்ஸ்-ஆர் கேட்டுக்கும் கட்டணமா?

டிஜிட்டல் லேபில் எக்ஸ்-ஆர் கேட் செய்யாதவர் நம்மில் யாரும் இல்லை. இரண்டு உள்ளீடும் ஒரே மாதிரி இருந்தால் வெளியீடு 0, வேறு வேறாக இருந்தால் 1. அவ்வளவுதான்.

இதற்கு ஒரு வேடிக்கையான குணம் உண்டு. 10110010 என்ற எண்ணை 11111111 உடன் எக்ஸ்-ஆர் செய்யுங்கள். 01001101 வரும், அதாவது ஒவ்வொரு பிட்டும் தலைகீழ். அதே 11111111 உடன் இன்னொரு முறை எக்ஸ்-ஆர் செய்யுங்கள். பழைய 10110010 அப்படியே திரும்பி வந்துவிடும்!

இதைத் திரையில் எப்படிப் பயன்படுத்துவார்கள்? திரையின் மேல் ஒரு கர்சர் நகர வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கர்சரை வெள்ளையில் வரைந்தால் வெள்ளைப் பின்னணியில் தெரியாது. கறுப்பில் வரைந்தால் கறுப்பில் தெரியாது. மேலும் கர்சர் நகர்ந்த பிறகு அதன் அடியில் இருந்த படத்தைத் திரும்ப வரைய வேண்டும். அதற்கு அந்தப் படத்தை எங்கேயாவது எடுத்து வைத்திருக்க வேண்டும். 1970-களில் நினைவகம் கடுமையான விலை. எக்ஸ்-ஆர் செய்தால் இரண்டு தொல்லையும் தீர்ந்தது. கர்சர் எந்த நிறத்தின் மேல் போனாலும் அந்த நிறத்தின் பிட்டுகள் புரண்டு வேறு நிறமாகத் தெரியும். இன்னொரு முறை எக்ஸ்-ஆர் செய்தால் பழைய நிறம் திரும்பிவிடும். எதையும் எடுத்து வைக்க வேண்டியதில்லை.

இந்த முறையை உள்ளடக்கிய ஒரு காப்புரிமை 1980-இல் அமெரிக்காவில் வழங்கப்பட்டது. அதன் எண் 4,197,590. பிறகு அது கேட்ட்ராக் என்ற நிறுவனத்தின் கைக்கு வந்தது. திரையில் படம் வரையும் கணிப்பொறியும் மென்பொருளும் செய்த நிறுவனங்களிடம் அந்த நிறுவனம் உரிமக் கட்டணம் கேட்டது. நாம் டிராயிங் வகுப்பில் பயன்படுத்துகிறோமே ஆட்டோகேட், அதைச் செய்யும் ஆட்டோடெஸ்க் நிறுவனமும் இதற்காக 25,000 டாலர் கட்டியது. அந்த நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜான் வாக்கர் 1993-இல் எழுதிய கட்டுரை ஒன்றில் இதைக் குறிப்பிட்டு மனம் வெதும்பியிருக்கிறார்.

தப்பு என்று தெரிந்தால் ஏன் கட்ட வேண்டும், கோர்ட்டுக்குப் போகக் கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். பதில் எளிது. அமெரிக்காவில் ஒரு காப்புரிமை வழக்கை நடத்த ஆகும் செலவோடு பார்த்தால் 25,000 டாலர் சில்லறைக் காசு! ஜெயித்தாலும் நஷ்டம் என்னும்போது கட்டிவிட்டுப் போவதே லாபம். பெரிய கம்பெனி கட்டிவிட்டுப் போய்விடும். சின்ன ஆள் என்ன செய்வான்? கடையை மூடுவான். என் தோழி சொன்ன பயம் முழுப் பொய் அல்ல என்று அப்போது புரிந்தது.

ஜிஃப் படத்தின் கதை

அடுத்த கதை இன்னும் பெரியது. இன்று போனில் நாம் அனுப்பி விளையாடும் ஆடும் படங்கள் இருக்கின்றனவே, ஜிஃப், அதன் கதை.

1987-இல் அமெரிக்காவில் கம்ப்யூசர்வ் என்ற நிறுவனம் தொலைபேசிக் கம்பி வழியாகக் கணிப்பொறிகளை இணைத்துச் சேவை நடத்திவந்தது. அந்தக் காலத்து மோடம் ஒன்று நொடிக்கு 2400 பிட் அனுப்பும் என்று கணக்குப் போடுவோம். 320-க்கு 200 புள்ளி கொண்ட ஒரு வண்ணப் படம், புள்ளிக்கு ஒரு பைட் என்றால் 64,000 பைட், அதாவது 5,12,000 பிட். அப்படியே அனுப்பினால் மூன்றரை நிமிடத்துக்கு மேல் ஆகும். ஒரே ஒரு சின்னப் படத்துக்கு! எனவே படத்தைச் சுருக்கி அனுப்ப வேண்டிய கட்டாயம்.

கம்ப்யூசர்வில் ஸ்டீவ் வில்ஹைட் என்ற பொறியாளரின் குழு ஜிஃப் வடிவத்தை உருவாக்கியது. அதில் இரண்டு தந்திரங்கள். முதலாவது, நிறப் பட்டியல். மூன்று பைட்டில் எழுதக்கூடிய நிறங்கள் 1,67,77,216. ஒரு படத்துக்கு அவ்வளவும் தேவையில்லை. அதிலிருந்து 256 நிறங்களை மட்டும் பொறுக்கி ஒரு பட்டியலாகப் படத்தின் தலைப்பிலேயே எழுதிவிடுவார்கள். பிறகு ஒவ்வொரு புள்ளிக்கும் 'பட்டியலில் 17-ஆவது நிறம்' என்று ஒரு பைட் போதும்.

இரண்டாவது தந்திரம் எல்.இசட்.டபிள்யூ என்னும் சுருக்கும் முறை. இதைப் புரிந்துகொள்ள எனக்கு எங்கள் தறிக்கூடமே போதுமானதாக இருந்தது. சேலையில் ஒரே டிசைன் திரும்பத் திரும்ப வரும். அதை யாரும் ஒவ்வொரு இழையாகச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டார்கள். "மூணாம் நம்பர் பூவைப் போடு" என்பார்கள். எல்.இசட்.டபிள்யூ செய்வதும் அதேதான். படத்தைப் படித்துக்கொண்டே போகும்போது 'சிவப்பு, சிவப்பு' என்று ஒரு வரிசை புதிதாக வந்தால் அதற்கு ஓர் எண் கொடுக்கும். அடுத்து 'சிவப்பு, சிவப்பு, பச்சை' வந்தால் அதற்கும் ஓர் எண். அதன் பிறகு அந்த வரிசை எங்கே வந்தாலும் அந்த எண்ணை மட்டும் எழுதும். 256 நிறப் படத்தில் 0 முதல் 255 வரை தனி நிறங்களுக்கு, அடுத்த இரண்டு எண்கள் குறிப்புகளுக்கு, 258-இலிருந்து 4095 வரை இப்படி உண்டாகும் வரிசைகளுக்கு.

இதில் அழகு என்ன தெரியுமா? இந்த எண் பட்டியலைக் கூடவே அனுப்ப வேண்டியதில்லை! படத்தைப் பெறும் கணிப்பொறி, வருகிற எண்களைப் பிரித்துக்கொண்டே அதே பட்டியலைத் தானும் உண்டாக்கிக்கொள்ளும். பிரித்த பிறகு ஒரு புள்ளிகூட மாறியிருக்காது.

இந்த முறைக்கு அடித்தளம் போட்டவர்கள் ஆபிரகாம் லெம்பெல், ஜேக்கப் ஸிவ் என்ற இரண்டு இஸ்ரேலிய அறிஞர்கள். 1977-இலும் 1978-இலும் அவர்கள் கட்டுரைகளை வெளியிட்டார்கள். அதை மேம்படுத்தியவர் ஸ்பெர்ரி நிறுவனத்தின் டெர்ரி வெல்ச். மூவரின் முதலெழுத்துதான் எல்.இசட்.டபிள்யூ. வெல்ச்சின் கட்டுரை 1984 ஜூனில் ஒரு கணிப்பொறி இதழில் வந்தது. படித்தவர்கள் எல்லோரும் 'அட, இவ்வளவு எளிதா!' என்று அதைத் தங்கள் நிரல்களில் எழுதிக்கொண்டார்கள். ஆனால் 1983 ஜூன் 20 அன்றே அதற்குக் காப்புரிமை விண்ணப்பம் போடப்பட்டிருந்தது. 1985 டிசம்பரில் காப்புரிமை வழங்கப்பட்டது. எண் 4,558,302. 1986-இல் ஸ்பெர்ரியும் பரோஸ் நிறுவனமும் இணைந்து யூனிசிஸ் ஆயின. காப்புரிமை யூனிசிஸின் கைக்கு வந்தது.

இது தெரியாமலே கம்ப்யூசர்வ் ஜிஃப் வடிவத்தை ஊருக்கெல்லாம் இலவசமாகக் கொடுத்தது. உலகமும் பயன்படுத்தியது. இணையம் வளரத் தொடங்கியபோது படம் என்றாலே ஜிஃப் என்று ஆகிவிட்டது. அப்போதுதான் இடி விழுந்தது. 1994 டிசம்பர் கடைசியில், ஆண்டு முடியும் வேளையில், ஓர் அறிவிப்பு வந்தது: ஜிஃப் படத்தைக் கையாளும் மென்பொருள் செய்பவர்கள் இனி உரிமம் வாங்க வேண்டும், பணம் கட்ட வேண்டும்.

ஏழு ஆண்டுகள் பொதுக் கிணறு என்று நினைத்து எல்லோரும் தண்ணீர் எடுத்த பிறகு ஒருவர் பத்திரத்தோடு வந்து நின்றால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது நிலைமை. 1999-இல் சண்டை இன்னும் சூடானது. உரிமம் இல்லாத மென்பொருளால் செய்த ஜிஃப் படங்களை வைத்திருக்கும் இணையத்தளங்கள்கூட 5,000 டாலர் கட்டி உரிமம் பெற வேண்டும் என்ற நிலை வந்தது. கோபம் கொண்டவர்கள் அந்த ஆண்டு நவம்பர் 5-ஆம் தேதியை 'ஜிஃப்களை எல்லாம் எரிக்கும் நாள்' என்று அறிவித்தார்கள்.

ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். வெல்ச் செய்தது உண்மையான வேலை. அவருடைய உழைப்புக்குப் பலன் வேண்டாமா என்றால் வேண்டும்தான். சட்டப்படி யூனிசிஸ் கேட்டதில் தவறும் இல்லை. ஆனால் ஊர் அறியச் சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லாமல், எல்லோரும் பழகி, இனி விட முடியாது என்று ஆன பிறகு கேட்டார்களே, அங்கேதான் எல்லோருக்கும் வயிறு எரிந்தது. எனக்கும் எரிந்தது.

அழுதவர்களும் வேறு வழி கண்டவர்களும்

எனக்குப் பிடித்த பகுதி இதற்குப் பிறகுதான் வருகிறது. அறிவிப்பு வந்த சில நாட்களிலேயே, 1995 ஜனவரி 4 அன்று, தாமஸ் பௌடெல் என்பவர் புதிய பட வடிவம் ஒன்றின் முன்வரைவை வெளியிட்டார். பல நாடுகளில் இருந்தவர்கள் கடிதம் எழுதிக் கருத்துச் சொல்லிச் சேர்ந்து செதுக்கினார்கள். அதுதான் பி.என்.ஜி. 1996 அக்டோபர் 1 அன்று உலகளாவிய வலைக் கூட்டமைப்பு அதைத் தன் பரிந்துரையாக ஏற்றுக்கொண்டது. காப்புரிமைத் தொல்லை இல்லாத வேறொரு சுருக்கும் முறையை அதில் வைத்தார்கள். 256 நிறம் என்ற வேலியையும் எடுத்துவிட்டார்கள்.

பி.என்.ஜி-யில் காமா என்று ஒரு குறிப்பையும் சேர்த்தார்கள். ஒரே படம் ஒரு திரையில் மங்கலாகவும் இன்னொன்றில் வெளுத்தும் தெரிவதை நாம் லேபிலேயே பார்த்திருக்கிறோம். கொடுக்கும் எண்ணை இரண்டு மடங்கு ஆக்கினால் திரையின் வெளிச்சம் சரியாக இரண்டு மடங்கு ஆகாது என்பதுதான் காரணம். அந்தத் தொடர்பைச் சொல்லும் எண்தான் காமா. படம் செய்தவர் எந்த அளவில் செய்தார் என்று படத்துக்குள்ளேயே குறித்துவிட்டால், பார்ப்பவரின் மென்பொருள் தன் திரைக்கு ஏற்றபடி நிறத்தைச் சரிசெய்துகொள்ளும்.

வேலி போட்டவன் வழியிலேயே முட்டிக்கொண்டு நிற்காமல், பக்கத்தில் அதைவிட நல்ல பாதை போட்டார்கள். யூனிசிஸின் அமெரிக்கக் காப்புரிமை 2003 ஜூன் 20 அன்று காலாவதியானது. மற்ற சில நாடுகளில் 2004-இல் முடிந்தது. இன்று ஜிஃப்பும் இலவசம், பி.என்.ஜி-யும் இலவசம். காப்புரிமை போய்விட்டது, அதற்குப் பயந்து செய்த நல்ல பொருள் நின்றுவிட்டது!

110 கோடி டாலர் வழக்கு

என் பிராஜெக்ட்டுக்கு மிக நெருங்கிய வழக்கு ஒன்றும் கிடைத்தது. ஆப்பிள் நிறுவனம் 1993-இல் கலர்சிங்க் என்ற மென்பொருளைக் கொண்டுவந்தது. திரையில் பார்த்த நிறமும் அச்சில் வரும் நிறமும் ஒத்துப்போகும்படி எண்களை மாற்றிக் கொடுக்கும் வேலை அது. நம் மலரின் அட்டைப் படம் திரையில் ஒரு நிறமாகவும் அச்சகத்திலிருந்து வரும்போது வேறு நிறமாகவும் இருப்பதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

1998-இல் நியூயார்க்கைச் சேர்ந்த இமாடெக் என்ற சிறு நிறுவனம், கலர்சிங்க் தன் காப்புரிமைகளை மீறுகிறது என்று வழக்குப் போட்டது. கேட்ட நஷ்டஈடு 110 கோடி டாலர்! 2000-ஆம் ஆண்டு நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் ஆப்பிள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஆப்பிள் அந்தக் காப்புரிமைகளை மீறவில்லை என்றது.

இதிலிருந்து நான் கற்ற பாடம் முக்கியமானது. 'திரையின் நிறத்தைச் சரிசெய்வது' என்ற எண்ணத்துக்கு யாரும் பட்டா போட முடியாது. காப்புரிமைப் பத்திரத்தின் கடைசியில் எண் போட்டு எழுதியிருக்கும் உரிமைக் கோரல்கள்தான் வேலி. ஒரு கோரலில் ஐந்து படிகள் சொல்லியிருந்தால் ஐந்தும் உங்கள் பொருளில் இருந்தால்தான் மீறல் என்பது பொது விதி. தலைப்பைப் படித்துவிட்டுப் பயப்படக் கூடாது, கோரலைப் படிக்க வேண்டும்.

அமெரிக்காவிலும் காற்று கொஞ்சம் திரும்பியது. 2014 ஜூனில் ஆலிஸ் என்ற நிறுவனத்தின் வழக்கில், வெறும் கருத்து ஒன்றைக் கணிப்பொறியில் செய்கிறேன் என்று சொல்வதால் மட்டும் அது காப்புரிமைக்கு உரியதாகிவிடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

நம் நாட்டில் என்ன நிலை?

நமது காப்புரிமைச் சட்டம் 1970-ஆம் ஆண்டுச் சட்டம். 2002-இல் செய்த திருத்தம் 2003 மே 20 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 3(கே) பிரிவு, கணித முறை, வணிக முறை, கணிப்பொறி நிரல் என்ற அளவில் மட்டும் நிற்பது, அல்காரிதம் ஆகியவை காப்புரிமைக்கு உரிய கண்டுபிடிப்புகள் அல்ல என்கிறது. 2004 டிசம்பரில் வந்த அவசரச் சட்டம் இந்தக் கதவைக் கொஞ்சம் திறக்கப் பார்த்தது. 2005-இல் நாடாளுமன்றம் அந்த மாற்றத்தை ஏற்காமல் பழைய சொற்களையே வைத்துக்கொண்டது. வன்பொருளோடு சேர்ந்து புதிய தொழில்நுட்பப் பலன் தரும் கண்டுபிடிப்பு என்றால் விண்ணப்பிக்கலாம். வெறும் நிரலுக்கு இல்லை.

அப்படியானால் நாம் எழுதும் நிரலுக்குப் பாதுகாப்பே இல்லையா? உண்டு. அது பதிப்புரிமை. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் கணிப்பொறி நிரலும் ஓர் இலக்கியப் படைப்பாகவே கருதப்படுகிறது. (அடுத்த முறை உங்கள் சி நிரலில் 40 பிழை வந்தால், இலக்கியம் படைக்கிறேன் என்று சொல்லிக்கொள்ளுங்கள்!) எழுதிய கணமே உரிமை வந்துவிடும். வரிக்கு வரி நகல் எடுப்பதைத் தடுக்கலாம். ஆனால் அதே எண்ணத்தை இன்னொருவர் தன் சொந்த நிரலில் எழுதினால் தடுக்க முடியாது. இந்த வேறுபாடு தெரியாமல்தான் பாதிப் பயம்.

நாம் செய்ய வேண்டியது

படித்ததிலிருந்து எனக்காக எழுதி வைத்துக்கொண்டதை உங்களுக்கும் தருகிறேன்.

1. பிராஜெக்ட் தொடங்கிய நாளிலிருந்து ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். என்ன யோசித்தீர்கள், என்ன முயன்றீர்கள் என்பதற்கு அதுதான் சாட்சி. காப்புரிமைக்கு மட்டும் விண்ணப்பம் போட்ட தேதிதான் கணக்கு.

2. யாராவது 'இதுக்குப் பேடண்ட் இருக்கு' என்றால் நான்கு கேள்வி கேளுங்கள். எண் என்ன? எந்த நாட்டில்? எந்த ஆண்டு போட்டது, இன்னும் உயிரோடு இருக்கிறதா? உரிமைக் கோரலில் என்ன எழுதியிருக்கிறது?

3. உங்களிடம் உண்மையிலேயே புதிய கண்டுபிடிப்பு இருந்தால், கண்காட்சியில் வைப்பதற்கு முன்பே ஆசிரியரிடம் பேசுங்கள். முதலில் ஊருக்குக் காட்டிவிட்டால் பிறகு 'புதியது' என்று சொல்ல முடியாமல் போய்விடலாம். நமக்கு அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. கல்வி நிறுவனங்களுக்கு 2021 முதல் கட்டணத்தில் 80 விழுக்காடு சலுகையும் உண்டு.

4. காலாவதியான காப்புரிமைகளைப் படியுங்கள். உலகின் மூளைகள் வரைபடத்தோடு எழுதிக் கொடுத்த பாடப் புத்தகங்கள் அவை, இப்போது நமக்கும் சொந்தம். எக்ஸ்-ஆர் கர்சரும் எல்.இசட்.டபிள்யூவும் இன்று நம் லேபில் யார் வேண்டுமானாலும் செய்யலாம்.

இவ்வளவும் படித்துவிட்டு மேடத்திடம் ஓடினேன். "மேடம், நான் தைரியமா செய்யலாம்!" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே என் போனை வாங்கி, அமைப்புகளுக்குள் போய், 'நிறத் திருத்தம்' என்ற பொத்தானைக் காட்டினார். ஆண்ட்ராய்டில் 2014-இலேயே வந்துவிட்ட வசதி! நான் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. என்னமோ நானே கண்டுபிடித்துவிட்ட மாதிரியும், அதற்காக உலகமே என் மேல் வழக்குப் போடப் போகிற மாதிரியும் இத்தனை நாள் தூங்காமல் இருந்திருக்கிறேன்!

"விட்டுடவா மேடம்?" என்றேன். "அதுல உங்கப்பா நூலுக்குன்னு தனியா மாத்த முடியுமா? முடியாதுல்ல? அப்போ செய்" என்றார்.

செய்தேன். பொங்கல் விடுமுறையில் அப்பா முன்னால் இரண்டு தாரை வைத்துப் படம் எடுத்துக் காட்டினேன். அவர் வெகுநேரம் பார்த்தார். "இது வேற, இது வேற. தெரியுது கண்ணு" என்றார். கொஞ்சம் பொறுத்து, "ஆனா பச்சைன்னா உங்களுக்கெல்லாம் எப்படித் தெரியும்னு இதுல தெரியாதில்ல?" என்று கேட்டார்.

அதற்கு என்னிடம் நிரல் இல்லை, நண்பர்களே. யாரிடமும் காப்புரிமையும் இல்லை. ஆனால் இப்போது அம்மா ஊருக்குப் போனாலும் கூடை மாறுவதில்லை. நம் கையில் இருப்பது சின்ன வேலையாக இருக்கலாம், ஏற்கெனவே யாரோ செய்ததாகவும் இருக்கலாம். தெரியாததைக் கண்டு பயந்து பாதியில் மட்டும் நிறுத்திவிடாதீர்கள். படித்துப் பாருங்கள், பிறகு முடிவு செய்யுங்கள்.



- இரண்டாமாண்டு மாணவி, கணிப்பொறிப் பிரிவு